அளக்க வேண்டியதை அளக்கிறோமா?

2003-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். தில்லியில் இயங்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், முன்னணிக் குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாகத் தனது ஆய்வக முடிவை வெளியிட்டது. நாடாளுமன்ற உணவகத்தில் அந்தப் பானங்களின் விற்பனை உடனடியாக நிறுத்தப்பட்டது. அதே மாதத்தில் சரத் பவார் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவும் அமைக்கப்பட்டது. போஃபர்ஸ் பேரத்துக்கும் இரண்டு பங்குச்சந்தை ஊழல்களுக்கும் பிறகு அமைந்த நான்காவது கூட்டுக் குழு அது. மக்களின் உடல்நலம் குறித்து அமைந்த முதல் கூட்டுக் குழுவும் அதுவே. 2004 பிப்ரவரியில் அது அளித்த அறிக்கை, மையத்தின் கண்டுபிடிப்பை உறுதி செய்தது. 2006-இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் பிறந்ததற்கு அந்த அறிக்கையும் ஒரு காரணம்.

ஓர் ஆய்வக முடிவு அவையை உலுக்க முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால், குளிர்பானப் புட்டிக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு, வழக்குத் தொடுக்க ஒரு நிறுவனம் உண்டு. தள்ளுவண்டியில் வரும் ஒரு கட்டுக் கீரைக்குப் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. அதனால்தானோ என்னவோ, கீரையிலும் காய்கறியிலும் காளானிலும் மூலிகையிலும் சேரும் காரீயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவை குறித்து அவையில் அத்தகைய பதற்றம் ஒருநாளும் எழுந்ததில்லை.

தாவரங்களையும் காளான்களையும் ஆய்வு செய்யும் வேதியியலாளர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறார்கள். அதில் உடலுக்கு நன்மை செய்யும் பொருள் எவ்வளவு? தீமை செய்யும் உலோகம் எவ்வளவு? முதல் கேள்விக்கான விடை விளம்பரமாகிறது. இரண்டாம் கேள்விக்கான விடை கோப்பில் உறங்குகிறது. நமது உணவுக் கொள்கையின் கோளாறு முழுவதும் இந்த ஓரவஞ்சனையில் அடங்கியிருக்கிறது.

முதலில் நன்மையின் கணக்கைப் பார்ப்போம். 'ஆன்டி ஆக்ஸிடென்ட்' என்ற சொல்லை அறியாத நடுத்தரக் குடும்பம் இன்று இல்லை. தேயிலை, நெல்லிச்சாறு, முருங்கைப்பொடி, காளான் மாத்திரை என எதை எடுத்தாலும் உறையின் மேல் அந்தச் சொல் மின்னுகிறது. ஆய்வகத்தில் இதை அளக்கும் முறை எளிமையானது. ஊதா நிறக் கரைசல் ஒன்றில் தாவரச் சாற்றைச் சேர்க்கிறார்கள். ஊதா வெளுத்து மஞ்சளாக மாறும் அளவைக் கொண்டு சாற்றின் ஆற்றலைக் கணக்கிடுகிறார்கள். கண்ணாடிக் குப்பிக்குள் இது உண்மை. அதே சாறு இரைப்பையைக் கடந்து, குடலில் உடைந்து, ரத்தத்தில் கலந்த பிறகும் அதே வேலையைச் செய்யும் என்பதற்கு இந்தச் சோதனை உத்தரவாதம் அளிப்பதில்லை.

இதை அமெரிக்க அரசே ஒப்புக்கொண்டது. அந்நாட்டு வேளாண் துறை, உணவுப் பொருள்களின் ஆன்டி ஆக்ஸிடென்ட் ஆற்றலைப் பட்டியலிட்டுத் தனது தரவுத்தளத்தில் வெளியிட்டு வந்தது. நிறுவனங்கள் அந்த எண்களைத் தவறாகப் பயன்படுத்துகின்றன, மனித உடலில் ஏற்படும் பலனை அவை காட்டுவதில்லை என்று கூறி 2012-இல் அந்தப் பட்டியலையே விலக்கிக் கொண்டது. அதற்கும் முன்பு, 1994-இல் வெளியான பின்லாந்து ஆய்வு இன்னும் கடுமையான பாடம். புகைபிடிக்கும் ஆண்கள் 29 ஆயிரம் பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியது.

காயும் கனியும் கீரையும் உடலுக்கு நல்லவை என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. அந்த நன்மையை ஓர் எண்ணாகச் சுருக்கி, உறையில் அச்சிட்டு விற்பதுதான் கேள்விக்குரியது.

இனி, பலரும் அறியாத ஒரு செய்தி. காட்மியம் போன்ற உலோகம் வேரின் வழியாக ஏறும்போது தாவரம் சும்மா இருப்பதில்லை. தன்னைக் காத்துக்கொள்ள, 'குளுட்டாதையோன்' என்ற சேர்மத்தைக் கொண்டு உலோகத்தைப் பிடித்துக் கட்டும் மூலக்கூறுகளை உருவாக்குகிறது. உலோகம் ஏற்படுத்தும் சேதத்தை ஈடுகட்ட, பல தாவரங்கள் ஃபீனாலிக் சேர்மங்களையும் கூடுதலாகச் சுரக்கின்றன. ஊதாக் கரைசலை வெளுக்கச் செய்வன இத்தகைய சேர்மங்களே. அதாவது, நஞ்சு கலந்த மண்ணில் போராடி வளர்ந்த இலை, ஆன்டி ஆக்ஸிடென்ட் சோதனையில் நல்ல மண்ணில் வளர்ந்த இலையைவிடக் கூடுதல் மதிப்பெண் பெறவும் கூடும். நன்மையை மட்டும் அளந்துவிட்டுத் தீமையை அளக்காமல் விடுவது அரைகுறை ஆய்வு மட்டுமல்ல. நுகர்வோரைத் தவறான திசையில் அனுப்பும் ஆய்வு.

காளானின் கதை இதைவிடக் கவலை தருவது. மண்ணுக்கு மேலே குடையாகத் தெரிவது காளானின் சிறு பகுதிதான். அதன் உண்மையான உடல், மண்ணுக்குள் நூலிழைகளாக நெடுந்தொலைவு படர்ந்திருக்கிறது. அந்த இழைகள் தொடும் மண்ணில் இருக்கும் உலோகத்தை அவை திரட்டிக் குடைக்கு அனுப்புகின்றன. காட்டுக் காளான்களில் பல இனங்கள் பசுந்தாவரங்களைவிட அதிகமாகக் காட்மியத்தையும் பாதரசத்தையும் சேர்த்து வைக்கின்றன. 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்துப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் ஐரோப்பியக் காட்டுக் காளான்களில் கதிரியக்க சீசியம் கண்டறியப்பட்டது இதனால்தான்.

தூய்மையான உரக்கலவையில், கூரைக்குக் கீழே வளர்க்கப்படும் மொட்டுக் காளானும் சிப்பிக் காளானும் பொதுவாக இந்தச் சிக்கலில் சேரா. ஹிமாசலப் பிரதேசத்தின் சோலனில் இயங்கும் காளான் ஆராய்ச்சி இயக்குநரகம் பல்லாண்டுகளாகப் பரப்பிவரும் சாகுபடி முறை இதுவே. காட்டிலிருந்து சேகரித்து, மருந்து என்ற பெயரில் பெருவிலைக்கு விற்கப்படும் இனங்களில்தான் கவனம் தேவை. உத்தரகண்டின் பிதௌராகட் மாவட்டத்தில், பனி உருகியதும் மலையேறிச் சேகரிக்கப்படும் 'கீடா ஜடி' இதற்கு உதாரணம். புழுவின் உடலில் வளரும் இந்தப் பூஞ்சைக்குச் சீனாவில் பெரும் சந்தை உண்டு. அந்தச் சீனாவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமே 2016-இல், இதில் கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மில்லிகிராம் வரை ஆர்செனிக் இருப்பதாக எச்சரித்தது. அந்நாட்டில் ஆரோக்கிய உணவுகளுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் மட்டுமே.

மலையிலிருந்து தலைநகருக்கு வருவோம். வஜீராபாதிலிருந்து ஓக்லா வரை யமுனை தில்லிக்குள் ஓடுவது 22 கி.மீ. மட்டுமே, நதியின் மொத்த நீளத்தில் இது 2 சதவீதம்கூட இல்லை. வஜீராபாதைத் தாண்டியதும் நஜஃப்கட் வடிகால் நதியில் கலக்கிறது. அங்கிருந்து ஓடுவது பெரும்பாலும் நகரத்தின் சாக்கடையும் தொழிற்கூடங்களின் கழிவுமே. அந்த நதியின் வெள்ளச் சமவெளியில் கீரையும் முள்ளங்கியும் காலிஃபிளவரும் விளைகின்றன. இந்த நதி தூய்மையாகும் வரை சமவெளியில் உண்பொருள் எதையும் பயிரிடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜனவரி 13-ஆம் தேதி உத்தரவிட்டது. உத்தரவின் நோக்கத்தில் குறையில்லை. ஆனால், தண்ணீரில் காரீயத்தைக் கலந்தவர் யார்? அந்தக் கீரையைப் பயிரிட்ட குத்தகை விவசாயி அல்ல. குற்றம் இழைத்தவர் மேலே இருக்க, தண்டனை மட்டும் கீழே இறங்கியது.

கீரையை எத்தனை முறை கழுவினாலும், இலையின் திசுவுக்குள் புகுந்த உலோகம் போகாது. கொதிக்க வைத்தாலும் அழியாது. காட்மியம் சிறுநீரகத்தில் சேர்ந்தால் பத்து முதல் முப்பது ஆண்டுகள் வரை வெளியேறாமல் தங்கிவிடும். ஜப்பானின் ஜின்சு நதிக்கரையில், சுரங்கக் கழிவு கலந்த நீரில் விளைந்த அரிசியை உண்டவர்களின் எலும்புகள் நொறுங்கின. 'இட்டாய் இட்டாய்' என்ற அந்த நோய்க்குக் காட்மியமே காரணம் என்பதை அந்நாட்டு அரசு 1968-இல் ஏற்றுக்கொண்டது. காரீயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குலைக்கிறது. அதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் 27.5 கோடி குழந்தைகளின் ரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருப்பதாக யூனிசெஃப் 2020-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. இந்தக் காரீயம் முழுவதும் உணவிலிருந்து வந்ததல்ல. பழைய பேட்டரிகளை உருக்கும் கூடங்களுக்கும் வண்ணப்பூச்சுகளுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆயினும், உணவின் பங்கு எவ்வளவு என்பதை அறியக்கூட முறையான அளவீடு வேண்டாமா?

அளக்க முடியாது என்று அரசு சொல்ல இயலாது. வெளிநாட்டார் கேட்டபோது அளந்து காட்டினோம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14-இல் காரீயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்ததாக அமெரிக்க மருத்துவ சங்க இதழ் 2004 டிசம்பரில் வெளியிட்டது. 2005-இல் கனடாவும் எச்சரிக்கை விடுத்தது. உடனே விழித்துக்கொண்ட மத்திய அரசு, ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்கு உலோகச் சோதனையை 2006 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கியது. காரீயம் 10 பி.பி.எம்., ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என வரம்பும் குறிக்கப்பட்டது. பாதரசம் போன்றவற்றைச் சேர்த்தே செய்யப்படும் ரச மருந்துகள் தனி விவாதத்துக்கு உரியவை. இந்த விதி, இலையும் வேரும் மட்டுமே கொண்ட மருந்துகளுக்கானது. விதி நல்லதுதான். ஆனால், கப்பலேறும் மூலிகைக்கு முதலில் பாதுகாப்பு, உள்ளூர்க் கடையில் விற்கும் மூலிகைக்குப் பிறகு என்ற வரிசையை வகுத்தது யார்? வாஷிங்டன் கேட்டால் கிடைக்கும் விடை, வாரணாசி கேட்டால் கிடைக்காதா?

சட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, விவசாயிக்கும் வேளாண் பணிகளுக்கும் பண்ணை நிலையில் உள்ள விளைபொருளுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்கிறது. சிறு விவசாயியை அதிகாரிகளின் கெடுபிடியிலிருந்து காப்பாற்றும் இந்த விலக்கு நியாயமானது. அப்படியானால், அவரது மண்ணையும் தண்ணீரையும் சோதித்து அவருக்கு உதவ வேண்டிய பொறுப்பு வேறு ஒருவருக்கு இருக்க வேண்டும் அல்லவா? 2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கட்டில் பிரதமர் தொடங்கிவைத்த மண்வள அட்டைத் திட்டம் 12 அளவீடுகளைக் குறிக்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமிலத் தன்மை, உப்புத் தன்மை, கரிமச் சத்து. அவ்வளவுதான். காரீயத்துக்கும் காட்மியத்துக்கும் அந்த அட்டையில் இடமில்லை. பயிருக்கு எது வேண்டும் என்று கேட்கும் அட்டை, அந்தப் பயிரை உண்பவருக்கு எது வேண்டாம் என்று கேட்பதில்லை.

வயலைத் தாண்டிச் சந்தைக்கு வந்த பிறகாவது சோதனை நடக்கிறதா? மாதிரி கிடைத்த 14 நாள்களுக்குள் உணவுப் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும் என்கிறது சட்டம். பருப்புக்கும் எண்ணெய்க்கும் இது பொருந்தும். கீரையோ அன்று மாலையே சமைக்கப்பட்டுவிடும். அந்த அறிக்கையைத் தரும் ஆய்வகங்களின் நிலை என்ன? 72 மாநில உணவு ஆய்வகங்களில் 65-க்கு தேசிய அங்கீகார வாரியத்தின் சான்று இல்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2017 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில் சுட்டிக்காட்டினார்.

சான்றில்லாத ஆய்வகம் யாருக்கும் பயன்படாது என்பதை 2015-இல் நாடே பார்த்தது. மாகி நூடுல்ஸில் 17.2 பி.பி.எம். காரீயம் இருப்பதாகக் கொல்கத்தாவில் உள்ள மத்திய உணவு ஆய்வகம் கூறியது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 2.5. நாடு முழுவதும் தடை வந்தது. ஆனால், சோதனை நடத்திய ஆய்வகங்கள் உரிய அங்கீகாரம் பெற்றவை அல்ல, நிறுவனத்தின் தரப்பும் கேட்கப்படவில்லை என்று கூறி மும்பை உயர் நீதிமன்றம் ஆகஸ்டில் தடையை ரத்து செய்தது. நீதிமன்றம் உத்தரவிட்ட மறுசோதனையில் காரீயம் வரம்புக்குள் இருந்தது. நூடுல்ஸ் மீண்டும் கடைக்கு வந்தது. நம்பகமான அளவீடு இல்லாத இடத்தில் நிறுவனத்துக்கும் நீதி தாமதமாகிறது; நுகர்வோருக்கும் உண்மை கிடைப்பதில்லை.

'இத்தகைய முடிவுகளை வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள். கீரை வாங்குவதையே நிறுத்துவார்கள். பாதிக்கப்படுவது சிறு விவசாயிதான்' என்பது அதிகாரிகள் முன்வைக்கும் வாதம். இதைப் புறந்தள்ள முடியாது. கீரையைக் கைவிட்டுப் பொட்டலத் தின்பண்டத்துக்கு மாறும் குடும்பம் மேலும் பெரிய கேட்டைத்தான் தேடிக்கொள்ளும். ஆனால், பீதியைப் பிறப்பிப்பது உண்மையல்ல, வதந்தி. எந்தப் பகுதியில், எந்தப் பயிரில், எவ்வளவு என்ற விவரம் வெளிப்படையாக இருந்தால், சந்தேகத்தின் நிழல் எல்லாக் கீரையின் மீதும் விழாது. நல்ல மண்ணில் விளைவிக்கும் விவசாயிக்கு அதுவே கேடயம்.

அண்டை நாடான வங்கதேசம் இதற்கு வழிகாட்டியிருக்கிறது. அங்கு மஞ்சள் கிழங்குக்குப் பளபளப்பான நிறம் தருவதற்காகக் காரீயக் குரோமேட் பூசும் வழக்கம் 1980-களில் தொடங்கியது. ஆய்வாளர்கள் 2019-இல் இதை அம்பலப்படுத்தினர். அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் செய்திகளை வெளியிட்டது. சந்தைகளில் அறிவிப்புகளை ஒட்டியது. நொடிகளில் காரீயத்தைக் காட்டும் கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவியுடன் மொத்த வியாபாரச் சந்தைக்குள் நுழைந்தது. 2019-இல் 47 சதவீதமாக இருந்த கலப்படம், 2021-இல் எடுக்கப்பட்ட மாதிரிகளில் பூஜ்யமானது. மஞ்சள் உண்பதை அம்மக்கள் நிறுத்திவிடவில்லை. நஞ்சு பூசுவதை வியாபாரிகள் நிறுத்தினார்கள். அதே ஆய்வாளர்கள் இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாடுகளின் 23 நகரங்களில் எடுத்த மஞ்சள் மாதிரிகளின் முடிவை 2024-இல் வெளியிட்டபோது, ஒரு கிராமுக்கு ஆயிரம் மைக்ரோகிராமுக்கும் மேல் காரீயம் காணப்பட்ட நகரங்களில் கராச்சி, பெஷாவர் ஆகியவற்றுடன் நமது பாட்னாவும் இடம்பெற்றது. நம் நாட்டில் மஞ்சளுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 10 மட்டுமே.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, மாசடைந்த நதிகளையும் தொழிற்பேட்டைகளையும் ஒட்டிய வயல்களின் மண்வள அட்டையில் காரீயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம் ஆகிய நான்கையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். அதன் செலவை விவசாயி அல்ல, மாசுபடுத்தியவர் ஏற்க வேண்டும். இரண்டாவது, அவையில் தரப்படும் எழுத்துபூர்வமான பதில்களின் தன்மை மாற வேண்டும். இத்தனை ஆயிரம் மாதிரிகள் எடுக்கப்பட்டன, இத்தனை தரமற்றவை, இத்தனை வழக்குகள் என்ற மொத்தக் கணக்கு உறுப்பினருக்கும் உதவாது, ஊருக்கும் உதவாது. எந்தப் பொருள், எந்தச் சந்தை, எந்த உலோகம், எவ்வளவு என்று மாவட்ட வாரியாக வெளியிடப்பட வேண்டும். மூன்றாவது, உறையில் ஆன்டி ஆக்ஸிடென்ட் பெருமை பேசும் எந்த மூலிகைப் பொருளும் காளான் பொருளும், அதே எழுத்தளவில் உலோகச் சோதனை முடிவையும் அச்சிட வேண்டும் என்று விதி செய்ய வேண்டும்.

இவை நடக்காத கனவுகள் அல்ல. தமிழர்களுக்கு இதில் ஓர் அனுபவமே உண்டு. கொடைக்கானலில் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டபோது, காட்டுக்குள் பாதரசம் பரவியதா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை சொன்ன சாட்சிகளில், மரங்களில் படரும் லைக்கனும் பாசியும் முக்கியமானவை. பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிர்தான் லைக்கன். அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வு மையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் அவற்றைச் சேகரித்துச் சோதித்து, தொழிற்சாலையின் பாதரசம் காற்றில் பரவிக் காட்டில் படிந்ததை 2003-இல் ஆய்விதழில் வெளியிட்டனர். அந்த முடிவு கோப்புக்குள் முடங்காமல் பொதுவெளிக்கு வந்தது. முன்னாள் தொழிலாளர்கள் பதினைந்து ஆண்டுகள் போராடி, 2016-இல் நிறுவனத்துடன் உடன்பாடு கண்டனர். அந்தப் போராட்டத்துக்குத் துணை நின்றவற்றுள் அறிவியல் அளவீடும் ஒன்று.

செடியும் காளானும் தங்களுக்குள் சேர்ந்ததை மறைப்பதில்லை. கேட்டால் சொல்லும். 2003-இல் தனது உணவகத்துக்கு வந்த புட்டியைக் குறித்துக் கேள்வி கேட்ட நாடாளுமன்றம், யமுனைக் கரையில் விளைந்த கீரையைக் குறித்தும் கேட்க வேண்டும். அந்தக் கீரையை உண்ணும் குழந்தைக்கு வாக்குரிமை இல்லை என்பது, கேட்காமல் இருப்பதற்குக் காரணமாகிவிடக் கூடாது.